கிளீனருக்கு நல்ல நாள்

ஆடி 3, வெள்ளி

அப்புனு, அம்மாதான். உன் டைரியில்தான் எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதே. டயர் கடைக்காரர் உனக்குக் கொடுத்தது, முதல் பக்கத்தில் 'செங்கோட்டுவேலு, டிரைவர்' என்று பெயர் போட்டதோடு சரி, மற்றதெல்லாம் வெள்ளையாகவே கிடக்கிறது. நான் அஞ்சாவதோடு நின்றவள். பிழை இருந்தால் சிரிக்காதே.

கிளீனருக்கு உடம்பு சரியில்லை. அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

ஒரு வாரமாகத் தண்ணீரைத்தான் குடித்துக்கொண்டே இருக்கிறான். சோறு வைத்தால் மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். பின்னங்கால் முன்பே இழுத்துக்கொண்டு இருந்தது, உனக்குத் தெரியும். இன்றைக்குக் கோழிப்பண்ணைக்கு லீவு சொல்லிவிட்டு, பக்கத்து வீட்டுப் பூங்கோதை வீட்டுக்காரர் சரக்கு ஆட்டோவில் மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனேன். சீட்டு எழுதுகிறவர் பெயர் கேட்டார்.

"கிளீனருங்க."

"கிளீனருக்கு ஒடம்பு முடியலைன்னா பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்கம்மா. இங்க ஆடு, மாடு, நாயிதான்."

"நாய் பேருதானுங்க அது. எம் பையன் லாரில கிளீனர் சீட்டுலயே உக்காந்து ஊரூராப் போவான். அதனால வெச்ச பேரு."

அவர் சிரித்துவிட்டு அப்படியே எழுதினார். பையன் எங்கே என்று அவர் கேட்கவில்லை. நல்லதாகப் போயிற்று.

டாக்டர் ஒரு பெண்பிள்ளை. அருள்மொழி என்று பெயர். உன் வயசுதான் இருக்கும். வாயைத் திறந்து பார்த்தது, ரத்தம் எடுத்தது, வயிற்றை அமுக்கியது. கிட்னி ரெண்டும் சுருங்கிவிட்டது, வயசும் ஆகிவிட்டது, வலி குறைய மருந்து தருகிறேன் என்றது. சரியாகுமா என்று கேட்டேன். அதற்குப் பதில் சொல்லாமல் மருந்தை எப்படிக் கொடுப்பது என்று சொல்ல ஆரம்பித்தது.

கிளம்பும்போது ஒன்று சொன்னது. "தெனமும் சாயங்காலம் அன்னைக்கு நல்ல நாளா, கெட்ட நாளான்னு ஒரு தாள்ல எழுதி வைங்கம்மா. அடுத்த தடவை வரும்போது கொண்டாங்க. அத வெச்சுதான் முடிவு பண்ணணும்."

படித்த பிள்ளையும் நாள் பார்க்கிறதே என்று எனக்கு ஆச்சரியம். ஆடி மாதத்தில் போய் நல்ல நாளுக்கு நான் எங்கே போவது? இருந்தாலும் சொன்னதைச் செய்ய வேண்டும். சுவரில் தேதிக் காலண்டர் இருக்கிறது. அதைப் பார்த்து எழுதிவிடுவேன்.

ஆடி 4, சனி

காலண்டரில் இன்றைக்கு விசேஷமாக ஒன்றும் போடவில்லை. நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை என்று தாளில் எழுதினேன்.

ஆடி 5, ஞாயிறு

பௌர்ணமி. நல்ல நாள்.

பண்ணையில் முட்டை பொறுக்கி முடித்து, கீறல் விழுந்த முட்டை நாலை முந்தானையில் முடிந்துகொண்டு வந்தேன். கிளீனர் வாசலுக்கு வரவில்லை. கூப்பிட்டேன், சத்தமும் இல்லை. பின்பக்கம் துணி துவைக்கிற கல்லுக்கும் சுவருக்கும் நடுவில் விழுந்து கிடந்தான். எவ்வளவு நேரமாகக் கிடந்தானோ. மூத்திரம் போய் அதிலேயே நனைந்து கிடந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். வெட்கப்பட்டானோ என்னவோ.

வெந்நீர் வைத்துக் கழுவினேன். கையில் எலும்புதான் தட்டுப்பட்டது.

நல்ல நாளும் அதுவுமாக இப்படி.

ஆடி 8, புதன்

காற்று ஓயவில்லை. கூரைத் தகரம் படபடவென்று அடித்துக்கொண்டே இருக்கிறது. காலையிலிருந்து காக்காய்கள் காம்பவுண்டுச் சுவரில் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. கத்தவும் இல்லை, சோற்றைத் தூக்கவும் இல்லை. அவன் படுத்திருக்கிற சாக்கையே பார்த்துக்கொண்டு இருந்தன. கல்லை விட்டு எறிந்தேன். பறந்து போய்த் திரும்ப வந்து உட்கார்ந்தன.

பூங்கோதை குழம்பு கொண்டுவந்தாள். நேற்றுக் கொடுத்த கிண்ணம் மூடினபடியே இருந்ததைப் பார்த்துவிட்டாள்.

"ஏனுங்க அத்தை, டாக்டரம்மா நாயைப் பத்தித்தான எழுதச் சொன்னாங்க? உங்களப் பத்தியும் ஒரு தாள் எழுதி நான் கொண்டுபோய்க் குடுக்கட்டுங்களா? திங்கறதில்ல, எந்திரிக்கறதில்ல, கூப்பிட்டாத் திரும்பறதில்லன்னு?"

"போடி, வாயாடி."

"நான் போறனுங்க. கிண்ணம் காலியானாத்தான் நாளைக்கு வருவேன்."

கிண்ணத்தைக் காலி செய்து கழுவி வைத்தேன். குழம்பு எங்கே போயிற்று என்று உனக்கு எதற்கு?

ஆடி 10, வெள்ளி

கரிநாள். கெட்ட நாள். காலண்டரில் சிவப்பில் போட்டிருக்கிறது. பயந்துகொண்டே எழுந்தேன்.

மத்தியானம் வளைவில் ஏர் ஹாரன் சத்தம். உன் கூட்டாளி ரஃபீக், லோடு ஏற்றிக்கொண்டு லைனுக்குப் போனவன் திரும்பி வருகிறான். நீங்கள் ரெண்டு பேரும் ஒன்றாகத்தானே ஹாரன் வாங்கி மாட்டினீர்கள், ரெண்டும் ஒரே சத்தம். கிளீனர் காதைத் தூக்கினான். எழுந்தான் அப்புனு! முன்னங்காலை ஊன்றி, பின்பக்கத்தை இழுத்து இழுத்து, கேட் வரைக்கும் போய்விட்டான். வால் ஆடியது பார், இடுப்பே சேர்ந்து ஆடியது.

ரஃபீக் வண்டியை ஓரம் கட்டிவிட்டு இறங்கி வந்தான்.

"என்னடா கிளீனரு, மெடிக்கல் லீவா? ஓனரம்மாகிட்ட சொல்லி பேட்டாவக் கட் பண்ணிருவேன், பாத்துக்க!"

கிளீனர் அவன் காலை மோந்தான். கையை மோந்தான். அவனைத் தாண்டி லாரியைப் பார்த்தான். கேபின் கதவையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். ரஃபீக் பேச்சை நிறுத்திவிட்டு, கண்ணில் தூசி விழுந்துவிட்டது என்று துண்டால் துடைத்தான்.

அதற்கப்புறம் கிளீனர் முழு முட்டை ஒன்று தின்றான். நானும் ஒரு டம்ளர் டீ குடித்தேன்.

கரிநாளில் இப்படி நடக்கிறது, பௌர்ணமியில் அப்படி நடக்கிறது. யாரை நம்புவது என்று தெரியவில்லை.

ஆடி 12, ஞாயிறு

அஷ்டமி. கெட்ட நாள். குடித்த தண்ணீரையும் கக்கிவிட்டான். சாக்குக்கு எறும்பு வந்துவிட்டது. மஞ்சள்பொடி போட்டேன்.

ஆடி 13, திங்கள்

ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தோம். தாளைக் கொடுத்தேன். டாக்டர் முதலில் ஒரு தடவை படித்தது. பிறகு சத்தமாகப் படித்தது.

"பௌர்ணமி, நல்ல நாள். கரிநாள், கெட்ட நாள். அஷ்டமி, கெட்ட நாள்..."

சீட்டு எழுதுகிறவர் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனார். டாக்டர் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தது.

"அம்மா, நான் கேட்டது காலண்டரோட நாள் இல்ல. கிளீனரோட நாள். அன்னைக்கு அவன் சாப்பிட்டானா, வலியில்லாம இருந்தானா, ஏதாவது சந்தோஷப்பட்டானா. அதப் பாத்துட்டு, அவனுக்கு அது நல்ல நாளா கெட்ட நாளான்னு நீங்க சொல்லணும்."

எனக்கு முகமெல்லாம் சுட்டது. "நானெங்கண்டேனுங்க. நாயிக்குத் தனியா நாளிருக்கும்னு யாருங்க சொன்னா?"

"தப்பில்லம்மா. நான்தான் விளக்கிச் சொல்லியிருக்கணும். சரி, அவனுக்கு என்னென்ன பிடிக்கும்னு சொல்லுங்க."

சொன்னேன். கேபினில் உட்கார்ந்து காற்றில் மூக்கை நீட்டுவது பிடிக்கும். முட்டை பிடிக்கும். காலையில் என் முந்தானையைக் கவ்வி இழுத்து எழுப்புவது பிடிக்கும். பூங்கோதை வீட்டுச் சேவலைத் துரத்திவிட்டு ஒன்றும் தெரியாத மாதிரி வந்து படுப்பது பிடிக்கும். ஹாரன் சத்தம் பிடிக்கும்.

"இதுல இப்ப எதெல்லாம் செய்யறான்?"

"ஹாரன் அடிச்சா எந்திரிக்கறானுங்க."

"வேற?"

மேலே காற்றாடி சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

டாக்டர் குரலைத் தாழ்த்திச் சொன்னது. "இனிமே மருந்து கேக்காதும்மா. கஷ்டம்தான் ஏறும். தூங்க வெச்சிரலாம்."

"அது எத்தன நாளைக்குங்க? எப்ப முழிப்பான்?"

அந்தப் பிள்ளை கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டது. துடைக்கவும் இல்லை, திரும்பப் போடவும் இல்லை.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டேன். "ஆடில எந்தக் காரியமும் பண்றதில்லைங்க. ஆவணி பொறக்கட்டும்" என்றேன்.

"ஆவணிக்கு இன்னும் ரொம்ப நாள் இருக்கேம்மா" என்று பின்னாலிருந்து சொன்னது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. 'தூங்க வைக்கிறது' என்ற வார்த்தையை இன்னொரு தரம் என் காதால் கேட்க மாட்டேன்.

ஆடி 14, செவ்வாய்

பெரியாஸ்பத்திரியில் உனக்கும் அதைத்தான் சொன்னார்கள். தலையில் அடி, ஊசி போட்டுத் தூங்க வைத்திருக்கிறோம் என்றார்கள். தூங்கினால் தேவலை என்றுதான் நானும் நினைத்தேன். லைனுக்குப் போய்ப் போய் நீ தூங்கியே எத்தனை காலமாயிற்று.

இதற்கு மேல் எழுத மாட்டேன்.

ஆடி 15, புதன்

இனிமேல் காலண்டரைப் பார்ப்பதில்லை. அவனைப் பார்த்தே எழுதுகிறேன்.

தண்ணீர் குடித்தான். நல்ல நாள்.

கொஞ்ச நேரத்தில் அது வெளியே வந்துவிட்டது. அதையெல்லாம் எழுத வேண்டுமா என்ன? குடித்தானா என்றால் குடித்தான்.

ஆடி 16, வியாழன்

கண்ணைத் திறந்து பார்த்தான். நல்ல நாள்.

ஆடி 17, வெள்ளி

படுத்த பக்கமே படுத்து இடுப்பில் புண் ஆகிவிட்டது. வேப்பெண்ணெய் போட்டேன். முனகினான். வாயில் ஒரு வாடை, மூடி வைத்துக் கெட்டுப்போன தண்ணீர் மாதிரி. வீடெல்லாம் அந்த வாடைதான். எனக்குப் பழகிவிட்டது. பூங்கோதை வாசலிலேயே மூக்கைப் பிடித்தாள்.

"நேத்தைக்குப் பாத்தா இப்ப தேவலை. வாலை ஆட்டறான் பாரு" என்றேன்.

அவள் கிட்டே போய் உட்கார்ந்து பார்த்தாள்.

"வாலாட்டலீங்க அத்தை. ஈ ஓட்டறான்."

"உனக்கென்னடி தெரியும்? உன்ற வூட்டு நாயா?"

"எனக்குத் தெரியாதுதான். அவனுக்குத் தெரியுதுங்களே! அவனக் கேளுங்க. யாருக்காக அவன இப்புடி இழுத்துப் புடிச்சு வெச்சிருக்கீங்க? வேலுவுக்காகவா, உங்களுக்காகவா?"

அவளை வெளியே போகச் சொல்லிவிட்டேன். ரொம்பக் கெட்ட வார்த்தை ஒன்றும் சொல்லிவிட்டேன். அதை உன் டைரியில் எழுத முடியாது.

நாளைக்கு ஆடிப்பெருக்கு. தெருவே காவிரிக்குக் கிளம்புகிறது. நமக்கு இந்த வருஷம் பண்டிகை இல்லை.

ஆடி 18, சனி

காலையில் முதல் வேலையாகச் செவலைக் கோழியையும் குஞ்சுகளையும் கூடையில் போட்டுக் கொண்டுபோய்ப் பூங்கோதையிடம் கொடுத்தேன். நேற்றுப் பேசியதற்கு அவள் முகம் கொடுக்க மாட்டாள் என்று நினைத்தேன். பேசினாள்.

"எதுக்குங்க எனக்கு?"

"வளத்திக்க. தெனமும் தீனி போட ஆளு வேணுமில்ல?"

"நீங்க எங்க போறீங்க?"

"எங்க போறேன்? எங்கயும் போகல."

அவள் கூடையை வாங்காமல் என்னையே பார்த்துக்கொண்டு இருந்தாள். காவிரிக்குக் கிளம்பியிருந்தவள், பட்டுச்சேலை, தலை நிறையப் பூ. ஆட்டோவில் ஏறியிருந்த பிள்ளைகளை இறக்கிவிட்டாள். வயிறு வலிக்கிறது, வரவில்லை என்று வீட்டுக்காரரை மட்டும் மாமியாரோடு அனுப்பிவிட்டாள். என்னைத் தனியே விடப் பயந்துதான் நின்றாள், எனக்குப் புரியாமலில்லை. கூடையை அவள் வாசலில் வைத்துவிட்டு வந்தேன்.

திரும்பி வந்தால் சாக்கு காலியாகக் கிடக்கிறது.

ரெண்டு நாளாக ஒரு அடி நகராதவன். கல்லுக்குப் பின்னால் பார்த்தேன், கட்டிலுக்கு அடியில் பார்த்தேன், சாக்கடைக்குள் குனிந்து பார்த்தேன். தெருவில் ஒரு ஆள் இல்லை. எல்லாரும் ஆற்றில். பூங்கோதைதான் பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முள்ளுக்காட்டுப் பக்கம் ஓடினாள். "கிளீனரே, கிளீனரே" என்று அவள் கத்துவது காற்றில் எங்கெங்கோ கேட்டது.

அப்புறம் அவள் குரல் நின்றுவிட்டது. போய்ப் பார்த்தேன்.

பக்கத்துக் காலி இடத்தில், உன் வண்டி நிறுத்துகிற இடத்தில் படுத்திருந்தான். தரையில் ஆயில் கறை இன்னும் போகவில்லை, தெரியுமா. வட்டமாகக் கருப்பாக இருக்கிறது. அதன்மேல் மோவாயை வைத்துப் படுத்திருந்தான். வயிற்றை மண்ணில் தேய்த்தே இழுத்துப் போயிருக்கிறான். வழியெல்லாம் கோடு போட்ட மாதிரி இருந்தது. சுற்றிலும் தெருநாய்கள் உட்கார்ந்திருந்தன. ஒன்றுகூடக் குரைக்கவில்லை. எதற்கோ காத்திருக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தன.

என்னைப் பார்த்ததும் கிளீனர் முனகவில்லை. வாலும் ஆட்டவில்லை. ஏன் வந்தாய் என்கிற மாதிரி பார்த்தான்.

கெட்ட நாள்.

ஆடி 19, ஞாயிறு

அமாவாசை. உனக்கென்று சோறு வைத்தேன். காக்காய் எடுத்தது.

பூங்கோதை சொல்லி ரஃபீக் வண்டியோடு வந்தான். வளைவிலிருந்தே ஹாரன் அடித்துக்கொண்டு வந்தான். வாசலில் நிறுத்தி ஒரு தடவை அடித்தான். ஜன்னல் அதிர்ந்தது. கிளீனரின் காது அசையவில்லை.

"எம்மா, கேக்கலையோ? இன்னொருக்கா அடிக்கட்டா?"

"வேண்டாம் ரஃபீக்."

"இல்லம்மா, கொஞ்சம் கிட்டக் கொண்டாந்து..."

"போதும் கண்ணு. அவனுக்குக் கேக்குது. அந்தச் சத்தத்துக்கு உள்ள யாருமில்லைன்னு அவனுக்குத் தெரிஞ்சு போச்சு."

ரஃபீக் படியில் உட்கார்ந்துவிட்டான். நான் பூங்கோதையிடம் சொன்னேன், டாக்டரம்மாவுக்குப் போன் போடு, நாளைக்கு வீட்டுக்கு வரச் சொல் என்று.

அவள் காலண்டரைத் திரும்பிப் பார்த்தாள். "நாளைக்குக் கரிநாளுங்க அத்தை. ஒரு நாள் தள்ளிச் செவ்வாக்கெழம வெச்சுக்கலாங்களா?"

"கரிநாளு காலண்டருக்குடி. அவனுக்கில்ல."

ஆடி 20, திங்கள்

ரஃபீக் வண்டியைக் கொண்டுவந்து உன் இடத்தில், கறைக்கு மேலேயே சரியாக நிறுத்தினான். கிளீனரைத் தூக்கிக் கேபினில் அவன் சீட்டில் படுக்கவைத்தான். நீ எத்தனை தடவை கூப்பிட்டிருப்பாய், ஒரு தரம் ஏறிப் பாரும்மா, மேலேயிருந்து ரோட்டைப் பார்த்தால் எப்படியிருக்கும் தெரியுமா என்று. நான் ஏறினதே இல்லை. இன்றைக்கு ஏறினேன். டிரைவர் சீட்டில் நான் உட்கார்ந்தேன். உன் வண்டி இல்லை அப்புனு, ஆனாலும் அதே வாடைதான். டீசல், வெற்றிலை, ஊதுவத்தி.

கிளீனர் தலையைத் தூக்கப் பார்த்தான். முடியவில்லை. மூக்கை மட்டும் என் பக்கம் திருப்பினான். டிரைவர் சீட்டைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். அப்புறம் தலையை என் மடியில் வைத்தான்.

டாக்டர் அந்தப் பக்கத்துக் கதவில் ஏறி நின்றது. "அம்மா, இந்தத் தடவை நான் தெளிவாச் சொல்லிடறேன். ரெண்டு ஊசி. முதல் ஊசில அசந்து போயிருவான், வலி தெரியாது. ரெண்டாவது போட்டா எந்திரிக்க மாட்டான்."

"தெரியுங்க."

"நீங்க கீழ எறங்கி நிக்கறதுன்னா நிக்கலாம். பாக்கணும்னு இல்ல."

"நான் எறங்க மாட்டேனுங்க. இந்தத் தடவை வெளிய நிக்க மாட்டேன்."

அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் புரிந்திருக்காது. ஆனாலும் தலையாட்டியது. "அப்பப் பேசிட்டே இருங்க. கண்ணு மூடினப்புறமும் காது கேக்கும். கடைசியா நிக்கறது அதுதான்."

பேசினேன். என்ன பேசினேன் என்று முழுக்க நினைவில்லை. முட்டை வேக வைக்கிறேன் என்றேன். சேவல் வந்திருக்கிறது பார் என்றேன். லோடு ஏறியாச்சு, கிளம்பலாம்டா, அப்புனு வரப்போறான் என்றேன். காது ஒரு தரம் லேசாக அசைந்தது. ரஃபீக்கும் பூங்கோதையும்கூடப் பார்த்தார்கள். காற்று நின்றிருந்தது. மூச்சு சின்னதாகிச் சின்னதாகி, எப்போது நின்றது என்று எனக்கே தெரியவில்லை. மடி மட்டும் கனத்துக்கொண்டே போனது.

வண்டியை நகர்த்திவிட்டு, கறை இருக்கிற இடத்திலேயே ரஃபீக் குழி வெட்டினான். இனி அங்கே வண்டி ஏறாமல் கல் வைத்துவிட்டான்.

சாயங்காலம் பூங்கோதை சோற்றுத் தட்டோடு வந்தாள். இன்னொரு கையில் கோழிக் கூடை.

"எங்கூட்டுல அடைய மாட்டேங்குது. உங்க கோழி உங்க கூட்டுக்குத்தான் வருவேங்குது. நாளைக்குக் காத்தால நீங்களே தெறந்து உடுங்க. நான் வந்து பாப்பேன்."

எனக்கு முன்னால் உட்கார்ந்து, நான் தின்று முடிக்கிறவரைக்கும் தட்டையே பார்த்துக்கொண்டு இருந்தாள். தின்றேன். கோழியும் குஞ்சுகளும் கூட்டுக்குள் கீச்சுக்கீச்சென்று இடம் பிடித்துக்கொண்டு இருக்கின்றன.

தேதித்தாளைக் கிழித்து இந்தப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். கரிநாள் என்று சிவப்பில் இருக்கிறது. அதற்குக் கீழே பேனாவால், கிளீனருக்கு நல்ல நாள் என்று எழுதினேன். பொய் எழுதவில்லை.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். மாசியில் எழுத வேண்டியது, இன்றைக்குத்தான் கை வருகிறது. உன்னை அந்தக் கண்ணாடிக் கதவுக்குள் தூங்க வைத்திருந்தார்கள். என்னை உள்ளே விடவில்லை. கதவில் வாயை வைத்து நான் உன்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன், தொண்டை கட்டுகிறவரைக்கும் கூப்பிட்டேன். காது கடைசிவரை கேட்குமாமே, டாக்டர் சொல்கிறது. உனக்குக் கேட்டதா, அப்புனு?